கூடிப் படித்தால் தேறலாமா?

கேள்வி: நர்ஸாக வேலை பார்க்கிறேன். அமெரிக்க உரிமத்துக்கான என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வுக்குத் தோழிகளோடு சேர்ந்து படித்தால் பலன் உண்டா?
– ஒரு வாசகி, மைசூரு

பதில்: உண்டு, அரட்டையில் முடியாத வரை. 2023 ஏப்ரலில் மாற்றப்பட்ட இத்தேர்வில், நோயாளியின் நிலையை விவரித்து அடுத்து என்ன செய்வீர்கள் என்று படிப்படியாகக் கேட்கிறார்கள். மனப்பாடம் கைகொடுக்காது. அதனால் ஒரு கேள்வியை எடுத்து, சரியானதைத் தவிர மற்ற விடைகள் ஏன் தவறு என்று வாதாடுங்கள். நைட் டியூட்டி முடித்து வந்தவரை விளக்கச் சொல்லாதீர்கள், பாவம்! ஆனால் தேர்வில் 85 முதல் 150 கேள்விகள், 5 மணி நேரம். அவ்வளவு நேரம் உட்காரத் தனியாகத்தான் பழக வேண்டும். தேர்வெழுதி வந்த தோழியிடம் அங்கே வந்த கேள்விகளை மட்டும் கேட்காதீர்கள். வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார்கள். மீறினால் அவருடைய தேர்ச்சியே ரத்தாகலாம்.