மல்லாக்கப் படுக்கட்டும்!

தங்கையின் குழந்தையைப் பார்க்க வந்தவர்களில் மூன்று பேர் ஒரே பரிசைக் கொண்டுவந்தார்கள். பொசுபொசுவென்று மெத்தை, குட்டித் தலையணை, இரண்டு பக்கமும் அணைக்க உருளைத் தலையணைகள். பார்க்க அழகுதான். ஆனால், பச்சைக்குழந்தை தூங்கும் இடத்தில் எதெல்லாம் இருக்கக் கூடாதோ, அதெல்லாம் அந்த ஒரே பைக்குள் இருந்தது!

ஒரு குறையும் இல்லாத குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோவதும், பிரேதப் பரிசோதனையிலும் காரணம் பிடிபடாமல் போவதும் உண்டு. திடீர் சிசு மரணம் என்கிறார்கள். இரண்டு முதல் நான்கு மாதக் குழந்தைகளிடம்தான் இது அதிகம். முழுதாகத் தடுக்க வழியில்லை. ஆபத்தைக் குறைக்க முடியும்.

1. பகலோ இரவோ, ஒரு வயது வரை குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். ‘குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்குகிறதே’ என்பார்கள். உண்மைதான். அப்படி எளிதில் விழிக்காமல் தூங்குவதுதான் ஆபத்து. அமெரிக்காவில் ஒரு காலத்தில் டாக்டர்களே குப்புறப் போடச் சொன்னார்கள். 1992-ல் அங்குள்ள குழந்தை மருத்துவர்கள் சங்கம் வேண்டாம் என்றது; 1994-ல் ‘மல்லாக்கப் படுக்க வையுங்கள்’ என்று நாடு முழுக்கப் பிரசாரம் நடந்தது. பத்தாண்டுகளில் இந்தச் சாவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

2. “மல்லாக்கப் போட்டா பால் கக்கிப் புரையேறிடும்டி” என்று எங்கள் அம்மாவும் சொன்னார். குழந்தை மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேல்நோக்கி ஏறியாக வேண்டும். குப்புறப் போட்டால் இது தலைகீழ். பால் கொடுத்ததும் தோளில் சாய்த்துத் தட்டி, ஏப்பம் வந்தபின் படுக்க வைத்தால் போதும். ஒருக்களித்தும் வேண்டாம், அப்படியே புரண்டு குப்புற விழுந்துவிடும்.

3. படுக்கை கெட்டியாகவும் சமதளமாகவும் இருக்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்திவிட்டு எடுங்கள். குழி அப்படியே நின்றால் அந்த மெத்தை குழந்தைக்கு ஆகாது. தரையில் விரித்த கோரைப்பாயும், மேலே சுருக்கமில்லாமல் விரித்த பருத்தித் துணியும் அந்தப் பரிசு மெத்தையைவிட எவ்வளவோ மேல். தலை உருண்டையாக வரட்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, போர்வை, கரடி பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். கொசுவலை போடலாம், முகத்தில் படாமல் விறைப்பாக நிற்க வேண்டும்.

4. இனி, தூளி. நாமெல்லாம் அதில் வளர்ந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால், சேலை தொய்ந்து வளைந்தால் குழந்தையின் உடம்பும் வளையும். கழுத்து நிற்காத குழந்தைக்குத் தலைதான் பாரம். அது முன்னால் சாய்ந்து முகவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுப்பாதை மடங்கிவிடும். அழுகையும் வராது, சத்தமும் வராது. பக்கத்துச் சேலை முகத்தில் மூடிக்கொள்வதும் உண்டு. ஆட்டித் தூங்க வையுங்கள்; கண் அயர்ந்ததும் பாய்க்கு மாற்றிவிடுங்கள். எடுத்தால் முழித்துக்கொள்ளும், தெரியும். இன்னொரு தடவை ஆட்டலாம். ஸ்பிரிங் தொட்டில், கார் சீட் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

5. குழந்தை அம்மாவின் அறையிலேயே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், தனிப் படுக்கையில் தூங்கட்டும். ஆறு மாதம் வரையாவது இப்படி. குடித்தவர், புகைப்பவர், தூக்க மாத்திரை போட்டவர் பக்கத்தில் படுக்க வைக்கவே கூடாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் யார் பக்கத்திலுமே வேண்டாம். எல்லாவற்றிலும் மோசமானது சோபா. இரவில் அதில் சாய்ந்து பால் கொடுக்காதீர்கள். கண் அசந்துவிட்டால் குழந்தை இடுக்கில் சரிந்துவிடும்.

6. சித்திரை வெயிலிலும் தொப்பி, சாக்ஸ், கம்பளி என்று சுற்றி வைக்கிறோம். உடம்பு சூடேறுவதும் ஆபத்தைக் கூட்டும். கை கால் சில்லென்று இருப்பது சகஜம். பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்தால் ஒரு துணியைக் குறையுங்கள். ஃபேன் தாராளமாக ஓடட்டும்.

7. வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை கூடவே கூடாது. கர்ப்பம் தரித்த நாளிலிருந்தே கூடாது.

8. தூங்கும்போது கழுத்தில் கறுப்புக் கயிறோ சங்கிலியோ வேண்டாம்.

9. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஆபத்து குறைவு. தடுப்பூசியையும் தள்ளிப்போடாதீர்கள். நம் ஊரில் 6, 10, 14 வாரங்களில் ஊசி போடுகிறோம். இந்தச் சாவுகள் அதிகம் நேரும் வயதும் ஏறக்குறைய அதுவே. அதனால் பழி ஊசிமேல் விழுகிறது. ஆராய்ந்து பார்த்ததில், ஊசி போட்ட குழந்தைகளிடம்தான் இது குறைவு.

10. குப்புறப் போட்டுப் பழக்கவே கூடாதா என்றால், விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது போடுங்கள். கழுத்தும் தோளும் பலப்படும். புரள முயன்றதுமே துணியில் இறுக்கிச் சுற்றுவதை நிறுத்திவிடுங்கள். இரண்டு பக்கமும் தானாகப் புரளும் குழந்தை தூக்கத்தில் குப்புறத் திரும்பினால், திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. படுக்க வைக்கும்போது மல்லாக்க வைத்தால் போதும்.

11. மல்லாந்தே தூங்கிப் பழகிய குழந்தையை முதன்முறையாகக் குப்புறப் போடும்போது ஆபத்து பல மடங்கு ஏறுகிறது. பாட்டி, ஆயா, ‘கொஞ்ச நேரம் நான் பாத்துக்கறேன், நீ தூங்கு’ என்று வரும் பக்கத்து வீட்டு அக்கா, எல்லாருக்கும் இதைச் சொல்லிவிட்டே குழந்தையைக் கையில் கொடுங்கள்.