உத்திரமேரூர்க் கல்வெட்டுப் பாடமும் கிட் மென்பொருளின் வரியிறுதி அமைப்பும்

திறவுச்சொற்கள்: உத்திரமேரூர், கல்வெட்டுப் பாடம், வரியிறுதி, கிட்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய (கி.பி. 919, 921) கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. குடவோலை முறையைக் கூறும் இவற்றுள் முன்னது, வாரியத்திற்கு உரியோர் வயதை முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்கிறது. பின்னது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் எனத் திருத்துகிறது. சபை விதியைத் திருத்தியபோது பழைய எழுத்து அழிக்கப்படவில்லை. இரண்டும் நிற்பதனாலேயே மாற்றம் இன்று தெரிகிறது. பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் பணியும் இத்தகையதே.

கல்வெட்டில் வரி, இடத்தின் அகலத்தால் முடிகிறது. சொல்லின் நடுவே முறிவது இயல்பு. ஆதலின் பதிப்பாளர் கல்லில் உள்ளவாறே வரி பிரித்து எண்ணிடுகின்றனர். மேற்கோளும் அவ்வெண்ணாலேயே சுட்டப்பெறும். புள்ளி பெரும்பாலும் இடப்படாமையாலும், எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடாமையாலும் ஒரு வரியைப் பின்னர் வேறாகப் படிக்க நேர்கிறது. அந்த ஓரெழுத்துத் திருத்தமே ஆய்வாளர் காணவேண்டியது.

அதனை மறைக்க வல்லது கணினியின் வரியிறுதி. விண்டோஸ் வழக்கில் வரி 13, 10 என்னும் இரு குறிகளால் முடியும்; லினக்ஸில் 10 மட்டுமே. தொலையச்சுப் பொறியில் அச்சு முனையை இடப்புறம் மீட்பதும் தாளை நகர்த்துவதும் தனித்தனிச் செயல்களாக இருந்ததன் எச்சம் இது. வரியிறுதி மாறிப் பதிவான கோப்பில், எழுத்தொன்றும் மாறாவிடினும், எல்லா வரிகளும் மாறியனவாகவே காட்டப்படும். வரிதோறும் யார் திருத்தினார் என வினவினால், பாடம் கண்டவர் பெயருக்கு மாறாக இறுதியாகச் சேமித்தவர் பெயரே வரும். பதிப்புரிமையினும் பாடப்பொறுப்பு இங்கே பெரிது.

கிட்டில் 'கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப்' என்னும் அமைப்பு உண்டு. அது 'ட்ரூ' எனில் கோப்பை எடுக்கும்போது 10ஐ இரு குறிகளாக்கி, பதியும்போது மீட்கும். 'இன்புட்' எனில் பதியும்போது மட்டும் மாற்றும். 'ஃபால்ஸ்' எனில் தொடாது. ஆனால் இது அவரவர் கணினிக்கு உரியது. களஞ்சியத்துடன் பயணம் செய்யாது. எனவே பாடக் கோப்புகளுக்கு '10 மட்டும்' என்பதையும், மைப்படி ஒளிப்படங்களுக்கு 'மாற்றாதே' என்பதையும் களஞ்சியத்திலேயே வைக்கப்படும் 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் எழுதுவதே தக்கது. தனியாள் அமைப்பினும் இதுவே மேலோங்கும். காரணத்தை அறிமுகக் கோப்பில் தமிழில் குறித்தல் வேண்டும். அடுத்து வரும் மாணவர் அதனை நீக்கிவிடக்கூடும்.

முன்பே கலந்துபோன களஞ்சியத்தில் 'ரீநார்மலைஸ்' கட்டளையால் வரியிறுதிகளைச் சீராக்கலாம். அப்பதிவில் வேறு திருத்தம் எதனையும் சேர்த்தலாகாது. "பாடமாற்றம் இல்லை" என அதன் குறிப்பில் எழுதி, திருத்தியவரைக் காட்டும் தேடலில் அப்பதிவை விலக்குமாறு பட்டியலிட்டுவிட்டால், பழைய பெயர்கள் தத்தம் வரிகளுக்கு மீளும்.