செஞ்சிக்கோட்டைக் கதை விளையாட்டில் யார் யாருக்கு இடம்?

முன்னுரை

கற்பனை செய்வது எளிது. கற்பனை செய்த உலகில் யார் யார் வாழலாம் என்று முடிவு செய்வதே கடினம். தாயம், பல்லாங்குழி போல மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதை விளையாட்டு ஒன்று உண்டு. இதில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் காவலனிடம் பேசுகிறேன்" என்று கூற வேண்டும். முயற்சி பலித்ததா என்பதைக் கட்டையை உருட்டிப் பார்த்து அறிவர். தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதையை நடத்திச் செல்வதைக் கண்டிருக்கும் நமக்கு இது புரியாத ஒன்றன்று.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் நம் செஞ்சிக்கோட்டையையே களமாக வைத்து இத்தகைய விளையாட்டு ஒன்றை அமைத்தோம். 2025-ஆம் ஆண்டு ஜூலையில், மராத்தியரின் 12 கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கோட்டை அல்லவா நம்முடையது! இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளும் ஆயத்தமாக இருந்தன. அங்கே மனிதரோடு வேறு எந்தக் கற்பனை உயிர்களைக் குடியமர்த்துவது என்பதே எங்கள் முன் நின்ற வினா.

பிற நாட்டார் கண்ட வழி

இவ்விளையாட்டுகளுள் முதன்மையானது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 1974-ஆம் ஆண்டு இதனை உருவாக்கி வெளியிட்டனர். இதில் எல்ஃப் என்னும் வனமாந்தரும், டுவார்ஃப் என்னும் குள்ளரும் வருவர். இவர்களைப் பெரிதும் புகழ்பெறச் செய்தவர் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன். அவருடைய 'தி ஹாபிட்' 1937-இலும், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955-ஆம் ஆண்டுகளிலும் வெளிவந்தன. குள்ளர் பலருக்கு அவர் சூட்டிய பெயர்கள் வட ஐரோப்பியப் பழம்பாடல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை.

இதிலிருந்து நாங்கள் கற்ற பாடம் ஒன்று. டோல்கீன் எடுத்த உயிர்களை நாமும் எடுக்க வேண்டியதில்லை. அவர் தேடிய முறையில் நம் பழங்கதைகளில் நாமும் தேடலாம்.

நம் பதினெண் கணம்

தேடியபோது நம்மிடமே ஒரு நீண்ட பட்டியல் இருக்கக் கண்டோம். அமரர், சித்தர், அசுரர், கருடர், கின்னரர், காந்தருவர், இயக்கர், விஞ்சையர், பூதர், பைசாசர், முனிவர், உரகர் என்று தொடரும் அப்பட்டியலுக்குப் பதினெண் கணம் என்று பெயர். பதினெட்டையும் அப்படியே சேர்த்தால் விளையாடுவோர் எதையும் நினைவில் வைக்க முடியாது. ஒரு கை விரல்களுக்குள் அடங்க வேண்டும் என்று வரையறுத்துக்கொண்டு, ஒவ்வொரு கணத்தையும் மூன்று கேள்விகளால் சோதித்தோம்.

1. இக்கணத்திற்கு நம் மண்ணில் தங்க இடம் உண்டா?
2. மற்றவர் செய்யாத வேலை ஒன்று இதற்கு உண்டா?
3. இக்கணத்தில் பிறந்த ஒருவர் நல்லவராகவும் தீயவராகவும் நடக்கத் தாமே முடிவு செய்யலாமா?

இடம் பெற்றோர்

முதலாவது, மனிதர். மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலரும் ஆண்ட கோட்டை இது. 1714-இல் போரில் மடிந்த தேசிங்கு ராஜனின் உயிர்த்தோழர் ஓர் இசுலாமியர் என்று கதைப்பாடல் கூறுகிறது. மொழியும் சமயமும் எத்தனை ஆயினும், மனிதர் அனைவரும் ஒரே கணம் என்று விதி எழுதினோம்.

இரண்டாவது, இயக்கர். இவர்கள் குபேரனின் ஏவலர், செல்வத்தைக் காப்பவர். சமண சமயத்தில் 24 தீர்த்தங்கரர்களுக்கும் தனித்தனியே இயக்கனும் இயக்கியும் உண்டு. நம் ஊருக்கு அருகே திருநாதர் குன்றின் பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் செதுக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். ஆகவே இயக்கர் இம்மண்ணுக்குப் புதியவர் அல்லர். கோட்டையின் பெரிய நெற்களஞ்சியத்தை அவர்கள் பொறுப்பில் விட்டோம்.

மூன்றாவது, நாகர். சுனைகளும் செட்டிகுளமும் சக்கரக்குளமும் இவர்கள் வசம். 1690 முதல் 1698 வரை இக்கோட்டையை வெல்ல முகலாயப் படை பாடுபட்டது. அத்தகைய முற்றுகைக் காலத்தில் தண்ணீர் இருக்கும் இடம் அறிந்தவரே பெருஞ்செல்வர். ஆதலால் நீரறிவே நாகரின் வேலை.

நான்காவது, பூதர். புகார் நகரில் பொய்ச்சாட்சி சொல்வோரைப் பிடித்துத் தண்டிக்கும் சதுக்கப்பூதத்தைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கோட்டை வாயிலில் நின்று பொய்யைக் கண்டுபிடிப்பது இவர்கள் தொழில்.

ஐந்தாவது, அரக்கர். உருவிலும் வலிமையிலும் இவர்கள் பெரியவர். மூன்றாம் கேள்வி இவர்களுக்கே மிகவும் தேவைப்பட்டது. அரக்கர் என்றாலே தீயவர் என்று எழுதிவிட்டால் விளையாடுவது எளிது, கண்டவுடன் வெட்டலாம். ஆனால் நம் கதைகள் அப்படிச் சொல்லவில்லையே! இடும்பியின் மகன் கடோற்கசன் பாண்டவர்களுக்காகப் போரிட்டு உயிர் நீத்தான். வீடணன் அறத்தின் பக்கம் நின்றான். எனவே அரக்கராகப் பிறந்தவரும் தம் வழியைத் தாமே தேர்ந்தெடுப்பர்.

இடம் பெறாதோர்

விஞ்சையர் வானத்தில் பறப்பவர். பறப்பவருக்கு மதில் ஏது? இராஜகிரியின் உச்சிக்குச் செல்லும் வழியில் ஆழமான பாறைப்பிளவு ஒன்றும், அதன்மேல் பாலமும் உள்ளன. அப்பாலத்தைக் கடப்பதே கதையின் உச்சகட்டம். பறக்கத் தெரிந்தவர் ஒருவர் வந்தால் அந்தக் காட்சியே பாழாகிவிடும். கருடரையும் இதே காரணத்தால் விட்டோம்.

காந்தருவரும் கின்னரரும் இசையில் வல்லவர். ஆனால் நம் பகுதிக் கூத்துக் கலைஞர் விடிய விடியப் பாடுகின்றனர். மனிதர் செய்யும் வேலைக்கு வேறு கணம் எதற்கு? பைசாசருக்கு அச்சமூட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. எல்ஃப், டுவார்ஃப் ஆகியோருக்கு நம் கரும்பாறைகளில் வேர் இல்லை.

அமரரையும் முனிவரையும் சேர்க்காததன் காரணம் வேறு. பிறர் கைகூப்பி வணங்குவோரை உருட்டும் கட்டைக்குக் கீழ்ப்படுத்துவது முறையன்று. நம் ஊர்த் தெய்வங்களின் பெயர்களையும், கோயில்களில் வழிபடப்படும் இயக்கியரின் பெயர்களையும் இதனாலேயே எடுக்கவில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் காவலராக நிற்கும் போத்துராஜாவும் முத்தால ராவுத்தரும் கூத்துக்கும் திருவிழாவுக்கும் உரியவர்கள்.

கணம் ஆக்கக் கூடாதோர்

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. 'காட்டில் வாழும் மாய இனம்' ஒன்று வேண்டும் என்று இவ்வகை விளையாட்டுகளில் தோன்றுவது இயல்பு. அப்போது மூலிகை அறிந்தவர், பாம்பு பிடிக்கத் தெரிந்தவர் என்றெல்லாம் எழுதுவோம். எழுதி முடித்துப் பார்த்தால் அது நம் மாவட்டத்தில் வாழும் இருளர் மக்களின் உருவமாக இருக்கும். அவர்கள் நம்மோடு வாழும் மனிதர்கள். அவர்கள் பிள்ளைகள் நம்மைப் போன்ற மாணவர்கள். அவர்களுடைய பாம்பறிவு பெற்றோரிடம் கற்று, பல ஆண்டுகள் பழகிப் பெற்ற அறிவு. அதனைப் பிறவி மாயம் என்று எழுதினால் அவர்கள் உழைப்பையும் மறைக்கிறோம், மனிதர் என்ற பெயரையும் பறிக்கிறோம். உயிரோடு வாழும் எந்த மக்களையும் கற்பனைக் கணம் ஆக்குவதில்லை என்பதே எங்கள் விளையாட்டின் முதல் சட்டம்.

வெளிநாட்டாரும் இதனைச் சிந்தித்துள்ளனர். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' நூலின் 2024-ஆம் ஆண்டுப் பதிப்பில், மனித இனங்களைக் குறிக்கும் சொல்லை நீக்கிவிட்டு, உயிர்வகையைக் குறிக்கும் சொல்லை இட்டனர்.

மணிமேகலையில் ஒரு கதை உண்டு. கப்பல் உடைந்து கரையேறிய சாதுவனைத் தின்ன நாகர் நெருங்கினர். அவன் அவர்கள் மொழியிலேயே பேசினான். தின்ன வந்தவர்கள் அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் சென்று உபசரித்தனர். கரை ஒதுங்கியவரைக் கொல்லும் வழக்கத்தையும் அவன் சொல் கேட்டுக் கைவிட்டனர். எங்கள் விளையாட்டில் வாளெடுக்கும் முன் ஒருமுறையேனும் பேசிப் பார்க்க வேண்டும் என்ற விதி இக்கதையிலிருந்து வந்ததே.

முடிவுரை

ஒரு கணத்தைச் சேர்ப்பதும் நீக்குவதும் விளையாட்டுக்கான வேலைதான். ஆயினும், யாரைக் கண்டதும் பகைவர் என்று கருதுகிறோம், யாருடைய அறிவை மதிக்கிறோம் என்பவை அதில் வெளிப்பட்டுவிடுகின்றன. விளையாட்டில் பழகியது வீதியிலும் வரும். தோழியரே! இவ்விளையாட்டுக்கு வேண்டியவை தாளும் எழுதுகோலும் இரண்டு தாயக்கட்டைகளுமே. உங்கள் ஊரின் மலை, ஏரி, கோட்டை எதுவாயினும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே யார் யாரைக் குடியமர்த்துவது என்று மூன்று கேள்விகளையும் கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் பட்டியலோடு உங்கள் பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் ஆவலோடு காத்திருக்கிறோம்.