பூனை கவ்விய குஞ்சு

அன்புள்ள மலருக்கு,

பெரியப்பா எழுதுவது. பூனை வாயிலிருந்து நீ பிடுங்கிய கோழிக்குஞ்சுக்கு முதுகில் ரத்தம், ஒரு கால் தொங்குகிறது, பாலும் சோறும் ஊட்டிப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை என்று உன் அம்மா போனில் சொன்னாள். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுதி உன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதல் காரியம், ஊட்டுவதை நிறுத்து. அடிபட்ட குஞ்சு பசியில் சாவதைவிடக் குளிரில் சாவதுதான் அதிகம். பிறந்து சில நாளே ஆன குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் அதைச் சுற்றி 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். உங்கள் வீட்டில் எல்லாமே எல்.இ.டி. விளக்கு. அதை நம்பாதே, அதில் வெளிச்சம் மட்டும்தான், குஞ்சுக்குப் போதுமான சூடு வராது. எலெக்ட்ரிக் கடையில் பழைய குண்டு பல்பு, 60 வாட், கேட்டு வாங்கு. அட்டைப்பெட்டியின் ஒரு ஓரமாக, ஒரு சாணுக்குச் சற்று மேலே தொங்கவிட்டு, விழாதபடி கம்பியால் கட்டு. அட்டையில் பட்டால் தீப்பிடிக்கும். மறு ஓரம் நிழலாகவே இருக்கட்டும். பல்புக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டு ஓயாமல் கத்தினால் சூடு போதவில்லை. சிறகை விரித்து, அலகைப் பிளந்து மூச்சு வாங்கினால் பல்பை உயர்த்து. காலை நீட்டிப் படுத்துத் தூங்கினால் கணக்குச் சரி. பெட்டியில் செய்தித்தாள் விரிக்காதே. வழுக்கி, நல்ல காலும் அகன்று போய்விடும். நூல் பிரியாத பழைய துண்டு போடு.

அடுத்தது புண். பூனைப் பல் பட்ட இடம் மேலுக்குக் குண்டூசி குத்தியதுபோல் இருக்கும், உள்ளே ஆழம். பூஞ்சிறகை ஈரப் பஞ்சால் ஒதுக்கி உடம்பு முழுக்கப் பார்; முதுகில் ஒன்று இருந்தால் வயிற்றுப் பக்கம் இன்னொன்று இருக்கும். அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சால் புண்ணுக்குள் பீய்ச்சிக் கழுவு. டெட்டால் வேண்டாம், சதையை எரிக்கும். மஞ்சள் வைப்பது நம் வீட்டுப் பழக்கம்தான், ஆனால் கழுவாத புண்ணில் அப்பினால் அழுக்கை உள்ளே வைத்து மூடியதாகத்தான் ஆகும். எண்ணெய்ப் பிசுக்கான களிம்பையும் தாராளமாகத் தடவாதே. பூஞ்சிறகு ஒட்டிப்போனால் குஞ்சு விறைத்துவிடும். ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள், ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

எவ்வளவு கழுவினாலும் பூனை எச்சிலில் உள்ள கிருமி ரத்தத்தில் ஏறினால் ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஆகவே இன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போ. கோழிக்குஞ்சுக்கா டாக்டர் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நாம் போடும் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று உன் அம்மா கேட்டாள், கூடவே கூடாது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். பறவை உடம்பு வேறு கணக்கு.

கால் முட்டிக்குக் கீழே ஒடிந்திருந்தால் கட்டலாம். ஸ்ட்ராவை நீளவாக்கில் பிளந்து, உள்ளே பஞ்சு வைத்து, காலைச் சுற்றிக் காகிதப் பிளாஸ்திரி ஒட்டு. விரல் குளிர்ந்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் இறுக்கம் அதிகம், உடனே அவிழ். குஞ்சின் கால் நாளுக்கு நாள் பருக்கும், ஒரே கட்டை விட்டுவைக்காதே. சில நாளுக்கொரு முறை பிரித்துக் கட்டு. இரண்டு, மூன்று வாரத்தில் எலும்பு கூடிவிடும். தொடை ஒடிந்திருந்தால் டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

சூடேறிய பிறகு தண்ணீர். வாயில் ஊற்றாதே, மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, ஒரு சொட்டு தவறினாலும் நுரையீரலுக்குப் போகும். அலகு நுனியை மட்டும் நனைத்துவிடு, தானே தலை தூக்கிக் குடிக்கும். பாட்டில் மூடியில் கூழாங்கல் போட்டு நீர் வை, மூழ்காது. பால் அதற்குச் செரிக்காது. குருணை, பொடித்த கம்பு, உதிர்த்த முட்டை மஞ்சள் கரு போதும். மாலையில் கழுத்தடி இரைப்பையைத் தொட்டுப் பார். மெத்தென்று இருந்தால் தின்றிருக்கிறது.

இவ்வளவுக்கும் மேல் அதைத் தொடாதே. நீ ஆசையாகத் தூக்கித் தடவுவது அதற்குப் பூனையின் கைதான். குடல் தெரிந்தாலோ, தலை நிமிராமல் கிடந்தாலோ டாக்டர் சொல்வதைக் கேள். பிழைக்காது என்றால் இழுத்துக்கொண்டிருக்க விடாதே.

புண் காய்ந்து ரத்தச் சிவப்பு மறையும்வரை மற்றக் குஞ்சுகளோடு விடாதே, கூடப் பிறந்ததே கொத்தும். கம்பிவலைக்கு இந்தப் பக்கம் வைத்தால் சத்தம் கேட்டுத் தனிமை தெரியாது. பிறகு இரவில், தாய்க்கோழி கண்ணயர்ந்திருக்கும்போது வயிற்றடியில் நுழைத்துவிடு. விடியற்காலையில் பக்கத்தில் நின்று பார். கோழி கொத்தி விரட்டினால் எடுத்துவிடு, நீயே வளர்க்க வேண்டியதுதான்.

கூட்டுக் கதவின் கீழ் இடுக்கை உன் அப்பாவை இன்றே அடைக்கச் சொல். ருசி கண்ட பூனை இன்று ராத்திரியே வரும்.

அன்புடன்,
பெரியப்பா