ஈஸ்டர்த் தீவின் பழம்படங்கள்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் அப்பால், பசிபிக் மாகடலில் தனித்துக் கிடக்கிறது ஒரு சிறு தீவு. அங்கு வாழ்வோர் அதனை இராப்பா நூயி என்பர். 1722ஆம் ஆண்டு ஈஸ்டர்த் திருநாளன்று டச்சு மாலுமி ரோக்கவீன் அதனைக் கண்டமையால், ஈஸ்டர்த் தீவு என்னும் பெயர் உலகில் நிலைத்தது. கரையோரத்தில் பேருருவக் கற்சிலைகள் நிமிர்ந்து நின்றதை அவர் கண்டார். 'மோஆய்' எனப்படும் அவை முன்னோர் நினைவாகக் கல்மேடைகளில் நிறுவப்பட்டவை.

1886ஆம் ஆண்டில் மோகிக்கன் என்னும் அமெரிக்கக் கப்பல் அங்குச் சென்றது. அதில் சென்றோர் எடுத்த நிழற்படங்களைக் காண்போர் திகைப்பர். மேடைச் சிலைகள் வீழ்ந்து கிடக்கின்றன! ரானோ ராராக்கு எரிமலைச் சரிவில், மண்ணிற் புதைந்த சிலைகளே தலைநிமிர்ந்து நிற்கின்றன. மேடைச் சிலைகளைச் சாய்த்தது உட்பகையே என்பர் அறிஞர் பலர்.

சிலைகளினும் பெரிய வீழ்ச்சி ஒன்றுண்டு. அஃது எப்படத்திலும் இல்லை. 1862ஆம் ஆண்டு முதல் பெரு நாட்டிலிருந்து வந்த ஆள்பிடிப்போர் ஏறத்தாழ 1,500 பேரைக் கவர்ந்து சென்றனர். அவருட் பெரும்பாலோர் அயல்நாட்டிலேயே மடிந்தனர். மீண்டு வந்த சிலரோடு பெரியம்மையும் தீவினுட் புகுந்தது. 1877ஆம் ஆண்டில் அங்கு எஞ்சியிருந்தோர் 111 பேரே! மரப்பலகைகளில் பொறித்த 'ரொங்கோரொங்கோ' என்னும் எழுத்தைப் படிக்க வல்லாரும் இலராயினர். மோகிக்கன் கப்பலார் படம் எடுத்தது இத்தகைய தீவையே.

1888ஆம் ஆண்டில் சிலி நாடு தீவைத் தன்னோடு இணைத்துக் கொண்டது. பின்னர் நிலத்தின் பெரும்பகுதி ஆட்டுப்பண்ணையாயிற்று. மக்கள் ஹங்கா ரோவா என்னும் ஊரில் ஒடுக்கப்பட்டனர். 1914ஆம் ஆண்டில் காதரின் ரூட்லெட்ஜ் என்னும் ஆங்கில அம்மையார் அங்குச் சென்றார். அவர் புதைந்த சிலைகள் சிலவற்றைச் சுற்றி அகழ்ந்து படமெடுத்தார். வெறுந்தலைகளெனத் தோன்றியவற்றுக்கு உடலும், வயிற்றின்மேற் பதிந்த கைகளும் இருந்தன. அத்தோடு நில்லாது, முதியோரை அணுகிப் பழங்கதைகளைக் கேட்டெழுதினார். கல்லைக் காண வந்தவர் பலர். சொல்லைக் கேட்க அமர்ந்தவர் மிகச் சிலரே.

டொங்காரிக்கி மேடையின் 15 சிலைகளும் வீழ்ந்து கிடந்த கோலத்தைப் பழம்படங்களிற் காணலாம். 1960ஆம் ஆண்டு மே மாதம் சிலியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை அவற்றையும் உள்நாட்டுப்புறமாக அடித்துச் சிதறடித்தது. 1990களில் சிலி நாட்டு அறிஞர், ஜப்பானியர் அளித்த பாரந்தூக்கியின் துணையால் அவற்றை மீண்டும் நிறுத்தினர். இன்றைய படங்களில் அவை கடலுக்கு முதுகு காட்டி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றன் தலையில் மட்டும் செந்நிறக் கல்முடி உள்ளது.