கொள்ளை நோயும் தடையற்ற வாணிபமும்

2020-ஆம் ஆண்டு கோவிட் என்னுங் கொள்ளை நோய் அமெரிக்க ஐக்கிய நாடுகளைத் தாக்கிய காலை, ஏப்ரல் திங்களில் உழைப்பாளருள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் வேலையிழந்து நின்றனர். நடுவணரசு கடன்பட்டுச் செலவிடலாம். ஆங்குள்ள 50 தனியரசுகளுட் பெரும்பாலனவோ வரவு செலவுகளைச் சமன் செய்தே தீரல் வேண்டுமென்று தம் சட்டங்களாற் கட்டுண்டவை.

இந்நிலையில், கருவூலத்திற் காசொன்றுங் குறையாத மருந்து ஒன்றுண்டு என்றனர் தடையற்ற வாணிபக் கொள்கையினர். தொழில் செய்வார்க்கு இட்ட வேலிகளை அகற்றுக என்பதே அது. அவ்வேலிகளுள் ஒன்றை மட்டும் ஈண்டு ஆராய்வாம்.

அதற்குத் தேவைச் சான்றிதழ் என்று பெயர். மருத்துவமனை கட்டவோ படுக்கைகளைப் பெருக்கவோ விரும்புவோர், அவை அவ்விடத்திற்குத் தேவையென அரசினர்க்கு முன்னரே மெய்ப்பித்துச் சான்று பெறல் வேண்டும். 1964-ல் நியூயார்க்கில் தோன்றிய இம்முறையை 1974-ல் நடுவணரசின் சட்டமொன்று நாடெங்கும் பரப்பிற்று. ஆக்கியோர் நோக்கம் தீயதன்று. மருத்துவமனைகள் செலவிட்டதைக் காப்புறுதி நிலையத்தார் அப்படியே கொடுத்துவந்த காலம் அது. கட்டிய படுக்கை எவ்வாறேனும் நிரம்பும், செலவும் பெருகும் என அஞ்சினர். 1986-ல் அச்சட்டம் நீக்கப்பட்டும், முப்பதுக்கு மேற்பட்ட தனியரசுகள் இம்முறையை விட்டில. புதியவர் விண்ணப்பித்தால், ஏற்கெனவே மருத்துவமனை நடத்துவோர் எதிர்த்து வழக்காட இதில் இடமுண்டு. புதுக்கடை வைக்கப் பழைய கடைக்காரரிடம் உத்தரவு கேட்பது போன்றதே இது!

நோய் பரவவே, தென் கரோலைனா உள்ளிட்ட பல தனியரசுகள் 2020-ல் இவ்விதியை நிறுத்தி வைத்தன. ஆபத்திற் கைவிடத் தக்கதாயின், அமைதிக் காலத்தில் அஃது எதற்கு என்று கொள்கையினர் வினவினர். வலிய வாதமே. எனினும் படுக்கைக்கு அனுமதி ஒரே நாளில் அளிக்கலாம். செவிலியரை அங்ஙனம் ஆக்கல் இயலாது. வேலையிழந்தார்க்கு அன்றன்று உணவளித்தது நடுவணரசின் உதவித் தொகையே. 2021-ல் தனியரசு, நகராட்சி முதலியவற்றிற்கு 35,000 கோடி டாலர் ஒதுக்கியதும் அதுவே. புதிதாய் வருவோர் பணமுடைய நோயாளரைக் கொண்டு, வறியோரை நாட்டுப்புற மருத்துவமனைகளுக்கே விட்டுவிடுவர் என்னும் அச்சமும் புறந்தள்ளத் தக்கதன்று.

2023-ல் தென் கரோலைனா இம்முறையைப் பெரும்பாலும் ஒழித்தது. ஆயினும் மருத்துவமனைகட்கு 2026-ஆம் ஆண்டிறுதிவரை தவணை வைத்தது. முதியோர் மருத்துவ விடுதிகட்கோ பழைய விதியையே நிறுத்திக் கொண்டது.