மழைமாதங்களில் கொச்சியின் காப்பிக் கடைகள்

கொச்சிக்கு வேலை மாறி வரும் தமிழ் நண்பர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது வாடகை வீடு. அடுத்தது, நல்ல காப்பி எங்கே கிடைக்கும் என்பது. கலூரில் குடியிருப்பவன், கடை கடையாக ஏறி இறங்குகிறவன் என்பதால் கடைப் பெயர்களை வரிசையாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். பெயர் சொல்வதற்கு முன் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மழை விடாமல் பெய்யும் நாட்களில், சனி ஞாயிறை விட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்தபின் போங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் உள்ளூர்க்காரர்கள் நடத்தும் கஃபேக்களுக்கு வருமானம் வரும் மாதங்கள் குறைவு. டிசம்பரில் கூட்டம் தொடங்கும். ஆண்டின் கடைசி இரவில் பப்பாஞ்ஞி என்ற கிழவர் பொம்மையை எரிப்பதைப் பார்க்க ஊரே கடற்கரையில் திரளும். பினாலே கலைக் கண்காட்சி நடக்கும் ஆண்டாக இருந்தால் மார்ச் வரை நாற்காலி கிடைப்பதே கடினம். அதன்பின் வெயில் ஏற ஏறக் கூட்டம் கரையும். ஜூனில் மழை இறங்கியதும் தெருக்கள் வெறிச்சோடிவிடும். வாடகையும் ஊழியர் சம்பளமும் பன்னிரண்டு மாதத்துக்கும் உண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொச்சி விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. 2020இல் கொரோனா வந்தது. சுற்றுலாப் பயணிகளை மட்டும் நம்பிய சின்னக் கடைகளுக்கு இந்த இரண்டு அடிகளும் பலமாக விழுந்தன. பக்கத்துத் தெருக்காரர்கள் தினமும் வந்துபோகும் கடைக்குத்தான் இப்படிப்பட்ட காலத்தைத் தாண்டும் தெம்பு இருக்கும்.

மழைக்காலத்தில் போவதில் நமக்கும் லாபம் உண்டு. கூட்ட நாளில் காப்பி போடுகிறவருக்கு நிமிர்ந்து பார்க்கவே நேரம் இருக்காது. கர்க்கடக (நம் ஆடி) மாதத்து மதியத்தில் அதே ஆள் கொட்டையை எடுத்துக் காட்டுவார், எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது, யார் வறுத்துக் கொடுக்கிறார்கள் என்று நிதானமாகச் சொல்வார். ருசியைப் பற்றி நான் கற்றதில் பெரும்பகுதி இப்படி ஆளில்லாத நேரங்களில் கேட்டுக் கற்றதுதான்.

ஃபோர்ட் கொச்சிக் கரையில் முதலில் போகவேண்டிய இடம் பர்கர் தெருவில் இருக்கும் காசி ஆர்ட் கஃபே. 1997இல் அனூப் ஸ்கரியா, டாரி யங்கர் இருவரும் தொடங்கியது. பழைய டச்சு வீடு ஒன்றில் ஓவியக் கூடத்தையும் காப்பியையும் ஒன்றாக வைத்தார்கள். முதல் பினாலே 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, இந்த ஊரில் இளம் ஓவியர்கள் படம் மாட்டவும் உட்கார்ந்து பேசவும் இடம் கொடுத்த கடை இது. காப்பி வாங்குகிறவர்கள் சுவரிலிருக்கும் படங்களையும் நின்று பாருங்கள். கடை உருவானதே அதற்காகத்தான். கல்வத்திச் சாலையில் பெப்பர் ஹவுஸ் இருக்கிறது. மசாலாச் சரக்குக் கிடங்காக இருந்த கட்டடம். நடுவில் பெரிய முற்றம், ஒரு பக்கம் காயல். மழை முற்றத்தில் இறங்கும்போது தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்க இதைவிட நல்ல இடம் கொச்சியில் எனக்குத் தெரியாது.

மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போகிறவர்கள் கிழமை பார்த்துப் போகவேண்டும். 1568இல் கட்டிய பரதேசி யூத ஜெப ஆலயம் சனிக்கிழமை மூடியிருக்கும். வெள்ளி பிற்பகலிலும் பார்க்க முடியாது. டச்சு அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. செவ்வாய், புதன் எனக்கு வசதி. எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து அரசுப் படகில் ஏறினால் சில ரூபாயில் அக்கரை போய்விடலாம். ஹைக்கோர்ட் பக்கம் வாட்டர் மெட்ரோவும் இருக்கிறது. கார் எடுத்துப்போய் அந்தக் குறுகிய சந்துகளில் நிறுத்த இடம் தேடாதீர்கள். புறப்படும் முன் கடைக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். மழைமாதத்தில் சீக்கிரமே அடைத்துவிடுவார்கள். சுவருக்கு வெள்ளையடிக்கவும் கூரை ஓட்டை மாற்றவும் சில நாள் மூடியே வைப்பார்கள்.

கலூர்ப் பக்கக் கடைகளின் கணக்கு வேறு. கலூர் கடவந்திரா சாலையிலும் அதன் கிளைச் சந்துகளிலும் இருக்கும் சின்னக் கடைகளுக்கு அலுவலகக்காரர்களும் பயிற்சி மையங்களில் படிக்கும் பிள்ளைகளும்தான் ஆதாரம். வெளிநாட்டுப் பயணி வந்தாலும் வராவிட்டாலும் இவற்றுக்கு ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை புனித அந்தோணியார் கோவிலுக்கு ஜனம் வந்து குவியும். ஸ்டேடியத்தில் கால்பந்து ஆட்டம் இருக்கும் மாலைகளில் ரசிகர்களின் சட்டைகளால் சாலையே மஞ்சளாகிவிடும். இந்த இரண்டு நேரத்திலும் உட்கார இடம் எதிர்பார்க்காதீர்கள். மற்ற நாட்களில் காலை எட்டுக்கும் பத்துக்கும் நடுவே போனால் கடைக்காரர் அன்றைய முதல் காப்பிகளைக் கவனமாகப் போட்டுக்கொண்டிருப்பார்.

உள்ளூர்க்காரர்களின் கடை என்றால் புதிதாக வந்த கஃபேக்களை மட்டும் நினைக்கிறோம். இந்தியன் காஃபி ஹவுஸை விட்டுவிட்டால் கேரளத்தின் காப்பிக் கதை பாதிதான். காஃபி போர்டு நடத்திவந்த காப்பி இல்லங்களை 1950களில் மூட முடிவெடுத்தபோது வேலையிழந்த தொழிலாளர்களைக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார். கேரளத்தில் முதல் கடை 1958 மார்ச் 8 அன்று திருச்சூரில் திறந்தது. முன்னின்று உழைத்த என்.எஸ். பரமேஸ்வரன் பிள்ளை பிற்பாடு அந்த வரலாற்றை மலையாளத்தில் புத்தகமாகவே எழுதினார். விசிறித் தலைப்பாகையோடு உங்கள் மேசைக்கு வருகிறவர் அந்தச் சங்கத்தின் பங்காளி. லாபம் வெளியூர் முதலாளி யாருக்கும் போவதில்லை. பீட்ரூட் சேர்த்த மசால் தோசையையும் கட்லெட்டையும் புதிதாக வருகிறவர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள். இரண்டாம் முறை அவர்களே கேட்டு வாங்குவார்கள். எர்ணாகுளத்தில் பல இடங்களில் கிளை இருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவருக்கு இருக்கும் எல்லாச் சுதந்திரமும் அங்கே எனக்குக் கிடைத்திருக்கிறது: தனியாகப் போனாலும், ஒரே ஒரு காப்பி வாங்கினாலும், முகம் சுளித்தவர் இல்லை.

இனி காப்பியைப் பற்றி. கும்பகோணம் டிகிரி காப்பியில் வளர்ந்த நாக்கோடு வருகிறோம். அதே ருசியைக் கொச்சியில் தேடினால் மனம் சலித்துப்போகும். கேரளத்தில் விளைவதில் பெரும்பகுதி ரோபஸ்டா, அதுவும் வயநாட்டில். வயநாடு ரோபஸ்டாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அராபிகாவைவிடக் கசப்பு கூட, கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மட்டமான ரகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பழுத்த பழத்தை மட்டும் பறித்து, ஒழுங்காக உலர்த்தி, கருகாமல் வறுத்த ரோபஸ்டா பாலோடு சேரும்போது அற்புதமாக இருக்கும். கடையில் கேட்கவேண்டிய கேள்விகள் எளியவை. கொட்டை எந்த ஊர்? ரோபஸ்டாவா, அராபிகாவா, கலப்பா? எப்போது வறுத்தது? சிக்கரி உண்டா? சிக்கரி கலப்பது குற்றமில்லை. நம் சட்டம் 49 சதவீதம் வரை அனுமதிக்கிறது, அளவைப் பாக்கெட்டில் எழுதவேண்டும் என்றும் சொல்கிறது. கலந்திருப்பதைச் சொல்லாமல் விற்பதுதான் தப்பு. தன் கொட்டையைப் பற்றித் தெரிந்த கடைக்காரர் இந்தக் கேள்விகளுக்காகக் காத்திருப்பார். முதல் தடவை பாலோ சர்க்கரையோ இல்லாமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பிறகு உங்கள் விருப்பம்.

விலை அதிகம் என்ற குறை எல்லோரும் சொல்வது. ஒரு டபுள் எஸ்பிரெஸ்ஸோவுக்கு 18 கிராம் பொடி வேண்டும்; ஒரு கிலோ கொட்டையில் 55 தான் தேறும். பால், மின்சாரம், வாடகை, இயந்திரத்தின் கடன் தவணை எல்லாம் அதன்மேல் ஏறுகின்றன. அந்த விலை கொடுக்க மனம் வராத நாளில் தெருவோரத் தட்டுக்கடையில் பால் சேர்க்காத கட்டன் காப்பி குடியுங்கள். அதுவும் உள்ளூர்க்காரரின் கடைதான்.

உட்காரும் முறை பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. ஒரு காப்பிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மேசையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. மடிக்கணினியோடு போகிறவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து இடம்விட வேண்டும், அல்லது அங்கேயே சாப்பிட வேண்டும். நாலு பேர் மேசையில் தனியாக உட்காரக் கூடாது. காப்பி பிடிக்கவில்லையென்றால் அங்கேயே சொல்லுங்கள். “சேட்டா, கசப்பு கூடிப்போயிற்று” என்று மெதுவாகச் சொன்னால் மாற்றிக் கொடுக்காத கடையை நான் பார்த்ததில்லை. கல்லாவில் அம்மா இருந்தால் சேச்சி, மட்டாஞ்சேரியில் முஸ்லிம் பெரியவராக இருந்தால் இக்கா. தமிழிலேயே பேசலாம், நன்றாகப் புரிந்துகொள்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லாமல் வெளியே வந்து ஒற்றை நட்சத்திரம் போடுவது சின்னக் கடைக்குச் செய்யும் அநியாயம்.

கொச்சியில் வேலை பார்க்கும் தமிழர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வரும் ஜூலையில் ஏதாவது ஒரு வார நாளில் குடையை எடுத்துக்கொண்டு படகேறுங்கள். ஒரு கடையைத் தேர்ந்தெடுத்து அந்த மழைக்காலம் முழுவதும் அதற்கே போய்வாருங்கள். கிளம்பும்போது கால் கிலோ வயநாட்டுக் கொட்டை வாங்கி ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்கு அனுப்புங்கள்.